எடின்பரோ 1836, பதினேழு குட்டிச் சவப்பெட்டிகள்: என் நாவலில் ஓட்டை எங்கே?

மைக்கூடு எழுதியது:

வணக்கம். இரண்டு வருடமாக ஒரு நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பதினொரு அத்தியாயம் ஆகிவிட்டது, இப்போதுதான் பயம் வந்திருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு நான் போனதே இல்லை. புத்தகங்கள், பழைய வரைபடம், கொஞ்சம் ஓவியங்கள், இவ்வளவுதான் கையில். இங்கே அந்த ஊரில் இருப்பவர்களும் மருத்துவம், சட்டம் படித்தவர்களும் இருக்கிறீர்கள் என்று தெரியும், அதனால் அச்சுக்குப் போவதற்கு முன்னால் நீங்களே கிழித்துத் தொங்கவிட்டுவிடுங்கள்.

கதையின் விதை உண்மைச் சம்பவம். 1836 ஜூன் கடைசியில் எடின்பரோவில் சில பையன்கள் ஆர்தர்ஸ் சீட் என்ற குன்றுக்கு முயல் பிடிக்கப் போகிறார்கள். வடகிழக்குச் சரிவில், பாறை இடுக்கில், சிலேட்டுக் கற்களை நகர்த்தினால் உள்ளே ஒரு சின்னப் பொந்து. அதில் பதினேழு சவப்பெட்டிகள். ஒவ்வொன்றும் நான்கு அங்குலம்கூட இல்லை. மூடியைத் திறந்தால் துணி உடுத்திய மரப்பொம்மை. எட்டெட்டாக இரண்டு அடுக்கு, மூன்றாவது அடுக்கில் ஒன்றே ஒன்று. பையன்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் தெரியுமா? ஒருவர் மேல் ஒருவர் எறிந்து விளையாடினார்கள். அப்படியும் இப்படியுமாகப் போனது போக இன்று எட்டுத்தான் மிச்சம். யார் செய்தது, ஏன் அங்கே ஒளித்தது என்பதற்கு இன்றுவரை விடை இல்லை.

இதற்கு எட்டு வருடம் முன்னால் அதே ஊரில் பர்க், ஹேர் என்ற இரண்டு பேர் பதினாறு பேரைக் கொன்று உடல்களை டாக்டர் ராபர்ட் நாக்ஸின் உடற்கூற்றுப் பள்ளிக்கு விற்றார்கள். அதற்கும் முன்னால், தானாக நோயில் இறந்த ஒரு கிழவரின் உடலையும் விற்றிருந்தார்கள். பதினாறும் ஒன்றும் பதினேழு. இந்தக் கணக்கு நான் கண்டுபிடித்ததில்லை, ஆராய்ச்சியாளர்களே சொன்னதுதான், ஆனால் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் கதை இப்படி. 1836 ஜூன், இரவு எட்டு மணி, கும்மிருட்டு. லாந்தர் வெளிச்சத்தில் பையன்கள் பெட்டிகளைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு பெட்டி ஒரு மருத்துவ மாணவன் கைக்கு வருகிறது. அவன் துருவிக்கொண்டு போகப்போக, ஊரில் இன்னமும் ஒரு பிணத் திருட்டுக் கும்பல் கல்லறைகளைத் தோண்டிக்கொண்டிருப்பது தெரிகிறது. நடுவில் ஸ்காட் நினைவு கோபுரத்தடியில் ஒரு துரத்தல். கடைசியில், பெட்டிகளைச் செய்தவன் பர்க்தான், தூக்குக்கு முன்னால் மனம் உறுத்திச் செய்து வைத்திருக்கிறான் என்று முடிச்சு அவிழ்கிறது. பர்க் செருப்புத் தைக்கிறவன், கை வேலை தெரிந்தவன். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

கேட்க நினைப்பது இதுதான். வாசகன் நம்புகிற மாதிரி இருக்கிறதா? அந்த ஊரின் இருட்டு எப்படிப்பட்டது? பேய் பங்களா, கறுப்புப் பூனை, திடீரென்று அணையும் விளக்கு இதெல்லாம் வேண்டாம், எனக்குக் கோதிக் என்றால், அதாவது பழைய கட்டடமும் பயமும் கலந்த கதை என்றால், சுவரே அழுத்த வேண்டும்.

---

ஈரக்காற்று எழுதியது:

ஒன்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரியிலேயே இடிக்கிறது. ஜூன் கடைசியில் இரவு எட்டு மணிக்கு இங்கே கும்மிருட்டு கிடையாது. இப்போது சூரியன் மறைய இரவு பத்தாகிவிடுகிறது. கோடைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் வழக்கம் அப்போது இல்லை, உள்ளூர் நேரமும் கொஞ்சம் பின்னால் இருந்தது, அதனால் 1836 கடிகாரத்தில் ஒன்பதுக்குச் சற்று முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறைந்த பிறகும் வடக்கு வானம் விடியும்வரை முழுசாக இருளாது, சாம்பல் நிறத்தில் ஒரு வெளிச்சம் தங்கி நிற்கும். வந்த முதல் வருடம் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டித்தான் தூங்கினேன். லாந்தரைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த வெளிச்சத்தை எழுதுங்கள். தூங்க விடாத வெளிச்சத்தில் சவப்பெட்டியைத் திறப்பது இருட்டில் திறப்பதைவிடப் பயங்கரம்.

ஸ்காட் நினைவு கோபுரம் 1836-ல் இல்லை. எழுத்தாளர் வால்டர் ஸ்காட் இறந்ததே 1832-ல்தான். கோபுரத்துக்கு அடிக்கல் 1840, கட்டி முடித்தது 1844. துரத்தலைக் கௌகேட் தெருவுக்கு மாற்றுங்கள், ஏன் என்று சொல்கிறேன்.

பழைய ஊர் ஒரு மீன் முள் மாதிரி. மேற்கே பாறை மேல் கோட்டை, கிழக்கே ஹோலிரூட் அரண்மனை, நடுவில் ஒரு முதுகெலும்புத் தெரு, அதிலிருந்து இரண்டு பக்கமும் சரிவில் இறங்கும் குறுகலான சந்துகள். இவற்றைக் குளோஸ் என்பார்கள். சிலவற்றில் இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் படும். வீடுகளை மேலே மேலே அடுக்கினார்கள். தெருப் பக்கம் ஐந்தாறு மாடி தெரிகிற கட்டடம் பின்பக்கம் சரிவில் பத்து மாடிக்கு இறங்கும். பணம் இருந்தவர்கள் 1760-களுக்குப் பிறகு வடக்கே புது ஊர் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள், நேர்த் தெரு, பெரிய ஜன்னல், தோட்டம். அவர்கள் விட்டுப்போன மாளிகைகளை அறை அறையாகத் தடுத்து ஏழைகள் நெருக்கியடித்து இருந்தார்கள். இடையில் ஒரே ஒரு பள்ளத்தாக்கு, முன்பு ஏரியாக இருந்து தண்ணீரை வடித்த இடம். நீங்கள் கேட்ட அழுத்துகிற சுவர் இதுதான். பேய் தேவையில்லை.

அப்புறம் சவுத் பிரிட்ஜ். 1788-ல் திறந்த பாலம், பத்தொன்பது வளைவுகள், இன்று கண்ணுக்குத் தெரிவது கௌகேட்டுக்கு மேலே இருக்கிற ஒன்றுதான். மற்ற எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் கட்டடம் எழுப்பி மூடிவிட்டார்கள். வளைவுகளுக்குள்ளே மாடி மாடியாக அறைகள், முதலில் கிடங்கும் பட்டறையும், தண்ணீர் கசிய ஆரம்பித்ததும் கடைக்காரர்கள் காலி செய்ய, வேறு போக்கிடம் இல்லாதவர்கள் புகுந்தார்கள். நான் உள்ளே போயிருக்கிறேன். ஜன்னல் கிடையாது. சுவரைத் தொட்டால் விரல் ஈரமாகும். மேலே பேருந்து போவது உங்களுக்குக் கேட்காது, அதுதான் என்னைப் படுத்தியது, தலைக்கு மேலே ஊர் இருக்கிறது என்பதே மறந்துபோகும். உங்கள் மாணவன் ஓடினால் இதற்குள் ஓடட்டும்.

பெட்டிகள் சேம்பர்ஸ் தெருவில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெரிய எதிர்பார்ப்போடு போய் முதல் தடவை தாண்டியே போய்விட்டேன், அவ்வளவு சின்னது. ஒவ்வொரு பெட்டியும் ஒரே பைன் மரத்துண்டைக் குடைந்தது. மூடியில் தகரத்தை வெட்டி அலங்காரம். குனிந்து கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற அளவுக்குப் பார்த்தால்தான் முகம் தெரியும். எல்லாப் பொம்மைக்கும் கண் திறந்திருக்கிறது.

---

டாக்டர்_அரைக்கிழவன் எழுதியது:

தம்பி மைக்கூடு, கதை நன்றாக வரும், ஆனால் உங்கள் வில்லன் கும்பலுக்கு 1836-ல் வேலை இல்லை. தொழிலே படுத்துவிட்டது.

ஏன் என்று பார்க்க அந்த வியாபாரம் எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும். அறுவை கற்கப் பிணம் வேண்டும். சட்டப்படி முக்கியமாகக் கிடைத்தது தூக்கில் போட்ட கொலைகாரர்களின் உடல். அது வருடத்துக்கு எத்தனை? எடின்பரோவில் மாணவர் கூட்டமோ ஐரோப்பா முழுவதிலிருந்தும். பல்கலைக்கழகத்தில் உடற்கூறு நடத்திய மூன்றாம் அலெக்சாண்டர் மன்றோ தன் தாத்தாவின் பழைய குறிப்புகளையே வாசிக்கிறார் என்று பெயர் எடுத்திருந்தார், பையன்கள் தூங்கி வழிந்தார்கள். சார்லஸ் டார்வின் 1825-ல் மருத்துவம் படிக்க வந்து இரண்டே வருடத்தில் விட்டுவிட்டுப் போனதும் இங்கிருந்துதான். வெளியே தனியாகப் பள்ளி நடத்தின நாக்ஸிடம் நானூறுக்கு மேல் மாணவர்கள். சின்ன வயதில் அம்மை போட்டு ஒரு கண் போன மனிதர், ஆனால் உடையில் அத்தனை ஆடம்பரம், பேச்சில் அத்தனை கூர்மை. மாணவர் கூடக்கூட உடல் தேவை கூடும். யார் கொண்டுவருகிறார், எங்கிருந்து என்று கேட்காமல் வாங்கினார்கள்.

முதல் உடல் 1827 நவம்பர் கடைசியில். வெஸ்ட் போர்ட் என்ற பகுதியில் டானர்ஸ் குளோஸ் என்ற சந்தில் ஹேர் விடுதி நடத்தினான். டொனால்ட் என்ற ஓய்வூதியக் கிழவர் நான்கு பவுண்டு வாடகை பாக்கி வைத்துவிட்டு நோயில் இறந்தார். பெட்டியில் தோல் பதனிடும் மரப்பட்டையை நிரப்பிப் புதைக்க அனுப்பிவிட்டு உடலை நாக்ஸின் ஆட்களிடம் ஏழு பவுண்டு பத்து ஷில்லிங்குக்கு விற்றார்கள். பாக்கி வசூலிக்கத்தான் ஆரம்பித்தது எல்லாம். பிறகு விலை கோடையில் எட்டு, குளிர்காலத்தில் பத்து. குளிரில் உடல் தாங்கும் என்பதால் வகுப்பே குளிர்காலத்தில்தான் மும்முரம்.

கவனியுங்கள், இந்த இரண்டு பேரும் ஒரு கல்லறையைக்கூடத் தோண்டியதில்லை. குடிக்க வைத்து, ஒருவன் மார்மேல் ஏறி அமுக்க, மற்றவன் மூக்கையும் வாயையும் பொத்துவான். உடலில் காயம் இருக்காது. 1828-ல் இருந்த மருத்துவ அறிவுக்கு இது கொலை என்று அடித்துச் சொல்லவே முடியவில்லை. எங்களுக்குத் தடயவியல் நடத்திய பேராசிரியர் இந்த இடத்தில் சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "இப்போதும் சில சமயம் திணறத்தான் செய்வோம்" என்றார். அதை மறக்கவில்லை.

கும்பல் விஷயத்துக்கு வருகிறேன். 1832-ல் உடற்கூற்றுச் சட்டம் வந்தது. உரிமை கோர ஆளில்லாத ஏழைகளின் உடலை மருத்துவப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம் என்று ஆனது. சட்டப்படியே உடல் கிடைக்கும்போது எவன் பத்து பவுண்டு கொடுத்துத் திருட்டுப் பிணம் வாங்குவான்? 1836-ல் உங்கள் ஆட்கள் மண்வெட்டியோடு போனால் வாங்க ஆள் இருக்காது. கல்லறைக் காட்சி வேண்டும் என்றால் முன்கதையாக 1820-களில் வையுங்கள். அப்போது கிரேஃபிரையர்ஸ் கல்லறையில் சமாதி மேல் இரும்புக் கூண்டு மாட்டியிருப்பார்கள், இன்றும் இருக்கிறது. செயின்ட் கத்பர்ட்ஸ் தேவாலயத்தில் காவல் கோபுரமே கட்டினார்கள், 1827-ல். சில வாரம் காத்தால் போதும், அழுகினால் திருடனுக்கு உதவாது. கூண்டைக் கழற்றி அடுத்த வீட்டுப் பிணத்துக்குப் போடுவார்கள்.

ஆனால் ஒன்று, பழைய பயத்தைவிடப் புதிய பயம் உங்கள் கதைக்கு உதவும் என்று நினைக்கிறேன். முன்பெல்லாம் கல்லறையில் திருடுவார்கள் என்று பயந்தார்கள். 1832-க்குப் பிறகு, ஏழை விடுதியில் நாதியற்றுச் செத்தால் சட்டமே அறுக்கக் கொடுத்துவிடும் என்று பயந்தார்கள். கொலைகாரனுக்குக் கொடுத்த தண்டனை இப்போது ஏழைக்கு. புதைக்க உடலே இல்லாதவர்களுக்கு ஒரு குட்டிப் பெட்டியாவது செய்து புதைக்கலாம் என்று யாருக்காவது தோன்றியிருந்தால், அது 1832-க்குப் பிறகு தோன்றுவதற்கு நிறையக் காரணம் உண்டு.

---

சும்மா_ஒருத்தன் எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். பர்க் செய்தான் என்கிற முடிவு நன்றாகத்தானே இருக்கிறது? செருப்புத் தைக்கிறவன் கத்தி, தகரம், ஊசி எல்லாம் வைத்திருப்பான். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

---

நூல்கண்டு எழுதியது:

விட்டுத்தான் ஆக வேண்டும் தம்பி, நூல் காட்டிக்கொடுக்கிறது.

நான் இருபது வருடமாக நூல் வியாபாரத்தில் இருக்கிறேன், இந்தப் பெட்டிகளைப் பற்றிப் படித்தபோது கொலையைவிட எனக்குப் பிடித்தது தையல்தான். 1990-களில் ஆலன் சிம்ப்சன், சாமுவேல் மெனஃபி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தப் பொம்மைகளை ஆராய்ந்தார்கள். ஒரு பொம்மையின் உடையை மூன்று பிரிப் பருத்தி நூலால் தைத்திருக்கிறார்கள். (முப்புரி என்றதும் பூணூல் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.) ஒரே பிரியில் நூல் சீக்கிரம் அறும், முறுக்கு விட்டுப் பிரியும். மூன்றை எதிர்த் திசையில் சேர்த்து முறுக்கினால் உருண்டையாக, வழுவழு என்று, ஊசிக் காதில் சிக்காமல் போகும். ஒரு கண்டை நகத்தால் நெருடிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஸ்காட்லாந்தில் மூன்று பிரிப் பருத்தி நூல் வந்தது சுமார் 1830 வாக்கில்தான். பர்க்கைத் தூக்கில் போட்டது 1829 ஜனவரி 28. இறந்தவன் எப்படித் தைப்பான்?

அதோடு இந்தப் பொம்மைகள் சவப்பெட்டிக்காகச் செய்யப்பட்டவையே இல்லை. நிமிர்ந்த முதுகு, கால் தட்டை, நிற்கிற மாதிரி வடிவம், கண் திறந்திருக்கிறது. பொம்மைச் சிப்பாய்கள் என்றுதான் கருதுகிறார்கள், பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில் செய்தவையாக இருக்கலாம். யாரோ ஒருவர் வீட்டில் கிடந்த பழைய சிப்பாய்ப் படையை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சட்டை தைத்து, பெட்டி குடைந்து படுக்க வைத்திருக்கிறார். பெட்டி போதாதபோது சில பொம்மைகளுக்குக் கையை வெட்டி எடுத்திருக்கிறார்கள். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இத்தனை பொறுமையாகச் சட்டை தைத்த கை, அதே பொறுமையோடு கத்தியை எடுத்திருக்கிறது.

சும்மா_ஒருத்தன் சொன்னதில் பாதி சரி. பெட்டியைக் குடைந்த விதம், தகர வேலை எல்லாவற்றையும் பார்த்துச் செருப்புத் தைப்பவர் மாதிரி யாரோ என்ற கருத்து உண்டு, தச்சர் வேலை மாதிரி இல்லை. ஆனால் ஊரில் செருப்புத் தைக்கிறவன் ஒருவன்தானா?

உங்கள் பதினேழு கணக்கிலும் ஓட்டை இருக்கிறது மைக்கூடு. பதினேழு பேரில் பன்னிரண்டு பேர் பெண்கள். பொம்மைகளோ எல்லாம் ஆண் உடையில். ஆராய்ச்சியாளர்களே இதைச் சொல்லித்தான் இருக்கிறார்கள். அடையாளத்துக்குச் செய்ததுதான், உருவத்துக்கு இல்லை என்று சொல்லலாம், ஆனால் பாவாடை தைப்பது சட்டை தைப்பதைவிடச் சுலபம், ஒரு துணியைச் சுற்றி ஒரு தையல் போட்டால் போதும். அவர் ஏன் செய்யவில்லை?

---

மைக்கூடு எழுதியது:

ஐயோ. ஒரே நாளில் என் இருட்டு போச்சு, கோபுரம் போச்சு, கும்பல் போச்சு, கொலைகாரனும் போயிட்டான். அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. கேட்டது நான்தான், சரி.

நூல்கண்டு அக்கா (அக்கா என்று அழைக்கலாம்தானே?), அந்தக் கை வெட்டின விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. என் பதினொரு அத்தியாயத்திலும் இல்லாத பயம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

பர்க் இல்லை என்றால் ஹேர்? அவன் விடுதலையாகி எங்கேயோ போய்விட்டான் இல்லையா? நீதிமன்றக் காட்சியில் அவனை மறுபடி கூண்டில் ஏற்றினால் எப்படி?

---

கறுப்புக்கோட்டு எழுதியது:

ஏற்ற முடியாது. ஹேரைத் தொடவே முடியாமல் போனதுதான் அந்த வழக்கின் கதையே.

டாக்டர் சொன்ன அதே காரணம். காயம் இல்லாத உடல், கொலை என்று உறுதியாகச் சொல்ல முடியாத மருத்துவர்கள். 1828 அக்டோபர் 31 இரவு கொல்லப்பட்ட மார்கரெட் டோகர்ட்டியின் உடலை, பர்க் வீட்டில் தங்கியிருந்த கிரே தம்பதி மறுநாள் வைக்கோலுக்கு அடியில் பார்த்துவிட்டார்கள். வாயை மூடினால் வாரம் பத்து பவுண்டு என்று பேரம் பேசினாள் பர்க்குடன் வாழ்ந்த ஹெலன் மக்டூகல். அவர்கள் மசியவில்லை, போலீசுக்குப் போனார்கள். போலீஸ் வருவதற்குள் உடல் தேயிலைப் பெட்டியில் நாக்ஸ் பள்ளிக்குப் போய்விட்டது. உடல் கிடைத்தும் சாட்சி போதவில்லை. ஸ்காட்லாந்து அரசின் தலைமை வழக்கறிஞர் (லார்ட் அட்வகேட்) சர் வில்லியம் ரே வேறு வழி இல்லாமல் ஹேரை அரசுத் தரப்புச் சாட்சியாக்கினார். பதிலுக்கு ஹேர் மேல் வழக்கு இல்லை. ஜேம்ஸ் வில்சன் என்ற பதினெட்டு வயதுப் பையனையும் கொன்றிருந்தார்கள், தெருவில் எல்லோருக்கும் தெரிந்த முகம், அவனுடைய அம்மாவும் தங்கையும் தனியாக ஹேர் மேல் வழக்குப் போடப் பார்த்தார்கள். உயர் நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

விசாரணையை அப்படியே காட்சியாக்கலாம், எதையும் கூட்ட வேண்டாம். 1828 டிசம்பர் 24 காலை ஆரம்பித்து இரவெல்லாம் நடந்து 25 காலையில் தீர்ப்பு. கிறிஸ்துமஸ் அன்றைக்கா என்று நம் ஆட்கள் கேட்பார்கள். ஸ்காட்லாந்துத் திருச்சபை அந்தப் பண்டிகையைப் பெரிதாகக் கொண்டாடியதில்லை, பொது விடுமுறை ஆனதே 1958-ல்தான். ஜூரி பன்னிரண்டு பேர் இல்லை, பதினைந்து பேர். அங்கே அப்போது மூன்று விதத் தீர்ப்பு இருந்தது: குற்றவாளி, குற்றவாளி அல்ல, நிரூபிக்கப்படவில்லை. பர்க்குக்கு முதலாவது. மக்டூகலுக்கு மூன்றாவது. அந்த மூன்றாவது தீர்ப்பு உங்கள் நாவலுக்கே பெயராக வைக்கலாம் போல இருக்கிறது, வெளியே விட்டுவிடுவார்கள், ஆனால் நீ செய்யவில்லை என்று சொல்ல மாட்டார்கள். கூட்டம் அவளைத் துரத்திக்கொண்டே இருந்தது.

ஹேரை 1829 பிப்ரவரியில் இரவோடு இரவாகத் தபால் வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். டம்ஃபிரீஸில் அடையாளம் தெரிந்துபோய் ஊரே திரண்டது. தப்ப வைத்து இங்கிலாந்து எல்லை வழியே விட்டார்கள். அதோடு ஆள் காணாமல் போனான். 1836-ல் அவன் எங்கேயும் இருக்கலாம், அந்தச் சுதந்திரம் உங்களுக்கு உண்டு. ஆனால் எடின்பரோ பக்கம் தலை வைத்துப் படுப்பானா என்று நீங்கள்தான் வாசகனை நம்ப வைக்க வேண்டும். நாக்ஸ் மேல் வழக்கே இல்லை, விசாரணைக் குழு ஒன்று அவரைத் தெரியாமல் வாங்கியவர் என்ற அளவில் விட்டுவிட்டது. ஜனங்கள் விடவில்லை, அவர் வீட்டு முன் கொடும்பாவி கொளுத்தினார்கள். உங்கள் கதை நடக்கும் 1836-ல் நாக்ஸ் அதே ஊரில்தான் இருக்கிறார், 1842-ல்தான் லண்டன் போகிறார். அவரை எங்கே வைத்திருக்கிறீர்கள்? பதினொரு அத்தியாயத்தில் ஒரு இடத்திலும் இல்லையா?

---

டாக்டர்_அரைக்கிழவன் எழுதியது:

கறுப்புக்கோட்டு நல்ல இடத்தில் கை வைத்தார். நாக்ஸை விட்டுவிட்டு இந்தக் கதையை எழுதுவது மாமியார் இல்லாத சீரியல் மாதிரி.

ஜேம்ஸ் வில்சன் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். அவனுக்குப் பாதம் கோணல். உடல் மேசைக்கு வந்ததும் மாணவர்கள் சிலர் அடையாளம் கண்டார்கள். நாக்ஸ் இல்லை என்றார், அறுவையைச் சீக்கிரம் முடித்தார், தலையும் பாதமும் உடலோடு இல்லாமல் போயின. 1828-ல் அந்த அறையில் நின்ற மாணவனுக்கு 1836-ல் முப்பது வயதுகூட ஆகியிருக்காது. ஊரிலேயே வைத்தியம் பார்த்துக்கொண்டு, சாலையில் நாக்ஸைப் பார்த்தால் தொப்பியைத் தொட்டு வணங்கிக்கொண்டு இருப்பான். அவன் ஒன்றும் கொலை செய்யவில்லை. முகம் தெரிந்தும் கத்தியைக் கீழே வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் முதல் வருடம் படித்தபோது எங்கள் மேசைக்கு வந்த உடலின் கையில் பச்சை குத்தியிருந்தது, ஒரு பெண் பெயர். ஆறு மாதம் அந்தக் கையில் வேலை செய்தோம். யாரும் அந்தப் பெயரை வாய்விட்டுப் படிக்கவில்லை.

---

நூல்கண்டு எழுதியது:

அக்கா என்றே அழைக்கலாம்.

டாக்டர் எழுதியதைப் படித்ததும் பாவாடைக் கேள்விக்கு ஒரு பதில் தோன்றியது, வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கதைக்குத்தான். செய்தவருக்குப் பெண் உடை தைக்கத் தெரியாதது இல்லை. அவரிடம் இருந்தது சிப்பாய்ப் பொம்மைகள்தான், அவர் சின்ன வயதில் விளையாடியவை. தன்னுடையதைத்தான் புதைக்க முடியும்.

---

மைக்கூடு எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். மருத்துவ மாணவன் துப்பறிவாளன் இல்லை. பெட்டி செய்கிறவனே அவன்தான், டாக்டர் சொன்ன அந்த முன்னாள் மாணவன். கும்பலைத் தூக்கிவிட்டேன், ஏழெட்டு அத்தியாயம் குப்பைக்குப் போகிறது, பரவாயில்லை. துப்பறிவது தையல்காரி ஒருத்தி, நூலை நகத்தால் நெருடிப் பார்க்கத் தெரிந்தவள், அந்தப் பாத்திரம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. நாக்ஸ் மூன்று காட்சியில் வருவார், மூன்றிலும் அன்பாகப் பேசுவார்.

ஒன்று மட்டும் இன்னும் குடைகிறது. அன்றைய ஸ்காட்ஸ்மன் பத்திரிகைச் செய்திப்படி, கீழ் அடுக்குப் பெட்டிகள் மக்கிப் போயிருந்தன, மேலே இருந்த ஒற்றைப் பெட்டி புதிதாக இருந்தது. அப்படியென்றால் ஒரே நாளில் கொண்டுபோய் வைத்ததில்லை, ஒவ்வொன்றாக மலையேறிப் போயிருக்கிறான். மூன்றாவது அடுக்கில் ஒன்றே ஒன்று வைத்தவன் அதோடு முடித்துக்கொண்டானா, இல்லை அடுத்ததைக் குடைந்துகொண்டிருந்தபோது பையன்கள் முந்திக்கொண்டார்களா? பதினேழு என்பது கணக்கு முடிந்த எண்ணா, கணக்கு நின்றுபோன எண்ணா? நான் இரண்டாவதை எடுத்துக்கொள்கிறேன். ஜூலை மாதம் ஒரு காலை, காப்பிக் கடையில் பத்திரிகையைப் பிரிக்கிறான், பதினெட்டாவது பெட்டி கோட்டுப் பையில் இருக்கிறது. அங்கிருந்துதான் முதல் அத்தியாயம்.

ஈரக்காற்று, ஒரு உதவி. கை வெட்டின பொம்மைகள் எத்தனை, இடதா வலதா?

---

ஈரக்காற்று எழுதியது:

சனிக்கிழமை போகிறேன். எட்டில் எத்தனைக்கு, எந்தக் கை என்று எண்ணி எழுதுகிறேன். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அரைமணி நேரம் நின்றால் காவலர் வந்து கேட்பார், நாவலுக்காக என்று சொல்லிக்கொள்கிறேன்.